பண்ணை விலாங்கு என்றால் அதன் முட்டை எங்கே?

அம்மு_உட்லண்ட்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். என் மகள் தொடக்கநிலை 3 படிக்கிறாள். அறிவியலில் இப்போது உயிரினங்களின் வாழ்க்கைச் சுழற்சி நடக்கிறது. ஆளுக்கு ஓர் உயிரினத்தை எடுத்து அட்டையில் வரைந்து வகுப்பில் விளக்கிச் சொல்ல வேண்டும். மற்ற பிள்ளைகள் கொசு, தவளை, பட்டாம்பூச்சி, கோழி என்று எடுத்துக்கொண்டார்கள். இவளுக்கு உனாகி சோறு (ஜப்பானிய முறையில் வாட்டிய விலாங்கைச் சோற்றின் மேல் வைத்துத் தருவது) என்றால் உயிர். அதனால் விலாங்கு என்று பெயர் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறாள்.

முட்டை, குஞ்சு, பெரிய மீன் என்று மூன்று படம் போதும் என நினைத்துத்தான் தேட உட்கார்ந்தேன். பெரிய மீனுக்குப் படம் கொட்டிக் கிடக்கிறது. முட்டைக்குச் சரியான படம் கிடைக்கவில்லை. குஞ்சு என்று ஓர் இடத்தில் கண்ணாடி போல ஒன்றைப் போட்டிருக்கிறார்கள், இன்னோர் இடத்தில் தட்டையாக, மீனே இல்லாதது போல வேறொன்று. ஒருவர் ஆற்று மீன் என்கிறார், ஒருவர் கடல் மீன் என்கிறார். எங்கள் வீட்டு உறைபெட்டியில் இருக்கும் பாக்கெட்டில் "பண்ணையில் வளர்த்தது, சீனா" என்று அச்சடித்திருக்கிறது. பண்ணை என்றால் அங்கேயே முட்டையிட்டுப் பொரிக்க வேண்டாமா? அந்த முட்டையை யாராவது படம் எடுத்திருக்க மாட்டார்களா?

என் மாமியார் மன்னார்குடிப் பக்கம். விலாங்கு முட்டையெல்லாம் போடாது, சேற்றிலிருந்து தானாக வரும் என்று உறுதியாகச் சொல்கிறார். மகள் அதையும் எழுதிக்கொள்ளவா என்று கேட்கிறாள். விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

பீஷான்_ராஜா

அக்கா, இதுக்கு ஏன் சீனா வரைக்கும் போகணும்? எங்க புளோக் பின்னாடி லோங்காங்ல, அதான் அந்தத் தண்ணிக் கால்வாய்ல, நல்ல மழை பெஞ்ச மறுநாள் இது மாதிரி ஒன்னு நெளிஞ்சுக்கிட்டுக் கிடந்துச்சு. முழங்கை நீளம், பழுப்பு நிறம், செதில் ஒன்னும் தெரியல. சைனாடவுன் ஈரச்சந்தையில தொட்டியில போட்டு உயிரோட விக்கிறதும் இதுதானே? அப்ப சிங்கப்பூர்லயே முட்டை போட்டுப் பொரிக்குதுன்னுதானே அர்த்தம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க, எனக்கும் ஆசையா இருக்கு.

கொள்ளிடத்தான்

அம்மு அக்கா, உங்க பொண்ணு எடுத்திருக்கிறது லேசுப்பட்ட உயிரினம் இல்ல. நான் ஊர்ல கொள்ளிடக் கரை, அணைக்கரைப் பக்கம். இங்க ஒரு ஜப்பானியச் சாப்பாட்டுக் கடையில சமையல்கட்டுல நிக்கிறேன். விலாங்கு அறுக்கிறதும் சுடுறதும்தான் வேலை. கையில பட்டதையும், அதுக்கப்புறம் விடாம தேடிப் படிச்சதையும் சொல்றேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கங்க.

முதல்ல முட்டை. எங்க கடைக்கு விலாங்கு உயிரோட வருது. ஐஸ் தண்ணியில போட்டு வெச்சா துள்ளல் அடங்கும். எடுத்துப் பலகையில வெச்சு, கண்ணுக்குப் பக்கத்துல ஒரு ஆணியை இறக்கினா அது நழுவாது. அப்புறம் செவுளுக்குப் பின்னாடி கத்தியை விட்டு, முதுகோரமா, எலும்பு மேல கத்தி உரசுற சத்தம் காதுல கேக்கிற மாதிரி, வால் வரைக்கும் ஒரே இழுப்பு. டோக்கியோ பக்கம் இப்படி முதுகுல திறப்பாங்க, ஒசாகா பக்கம் வயித்துல. ஈரலைத் தனியா எடுத்து வைப்போம், அது சூப்புக்குப் போகும். ரத்தம் கண்ணுல தெறிக்கக் கூடாது. பச்சை ரத்தத்துல விஷம் இருக்கு, சூடு பட்டாத்தான் அது முறியும். இத்தனை விலாங்கு திறந்திருக்கேன், ஒன்னுல கூட சினை இருந்ததில்ல. ஊர்ல கெளுத்தியில பாத்திருக்கேன், விராலுல பாத்திருக்கேன், கைநிறைய வரும். இதுல கிடையாது. எங்க தலைமைச் சமையல்காரர் ஜப்பான்காரர், இந்த வேலையிலயே தலை நரைச்சவர். அவரும் பாத்ததில்லைன்னுதான் சொன்னார்.

ஏன்னா விலாங்கு ஆத்துலயோ பண்ணையிலயோ இருக்கிற வரைக்கும் அதுக்குச் சினை முதிரவே முதிராது. கடலுக்குப் புறப்பட்ட பிறகு, போற வழியிலதான் முதிரும். மனுசன் பிடிக்கிற இடத்துல எல்லாம் அது வளர்ற பருவத்துலதான் இருக்கு. அதனால உங்க மாமியாரை யாரும் குறை சொல்ல வேண்டாம். கிரேக்கத்து அரிஸ்டாட்டிலும் விலாங்கு மண்ணுலேர்ந்து வருதுன்னுதான் எழுதி வெச்சார். மனசைப் பத்தி ஆராய்ச்சி பண்ணின சிக்மண்ட் ஃப்ராய்டு, படிக்கிற காலத்துல, 1876ல, ட்ரியெஸ்ட் துறைமுகத்துல உக்காந்து சுமார் 400 விலாங்கை அறுத்து ஆண் உறுப்பைத் தேடினார். உறுதியா ஒன்னும் சொல்ல முடியல. அறுத்துப் பாத்த எல்லாருக்கும் இதே கதைதான்.

இப்ப அது எங்க பிறக்குதுன்னு பாப்போம். நம்ம தட்டுக்கு அதிகமா வர்ற ஜப்பானிய விலாங்கு பிறக்கிறது பசிபிக் பெருங்கடல்ல, மரியானா தீவுகளுக்கு மேற்க, கடலடியில ஒரு மலைத்தொடர் ஓடுது பாருங்க, அந்தப் பக்கத்துல. குவாமுக்கு அருகாமைன்னு வெச்சுக்கங்க. டோக்கியோ பல்கலைக்கழகத்து சுகமோட்டோ குழு இதைக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள ஒரு ஆயுசே போயிடுச்சு. அவங்க வழி என்னன்னா, வலையில சிக்குற குஞ்சோட நீளத்தைப் பாக்கிறது. குட்டையாக் கிடைக்குதா, பிறந்த இடம் கிட்டத்துலன்னு அர்த்தம். 1991ல ஒரு சென்டிமீட்டர் அளவுக் குஞ்சு கிடைச்சுச்சு. 2005ல பொரிச்சுச் சில நாளே ஆன குஞ்சு. 2009 மே மாசம், அமாவாசைக்கு ரெண்டு நாள் முன்னாடி, அந்த நடுக்கடல்ல வலை போட்டு முட்டையே எடுத்துட்டாங்க. மொத்தம் 31 முட்டை. ஒவ்வொன்னும் 1.6 மில்லிமீட்டர். இயற்கையில இட்ட விலாங்கு முட்டையை மனுசன் கையில எடுத்தது அதுதான் முதல் தடவை, அதுவும் எந்த விலாங்கு வகைக்கும். அந்தப் படம் இருக்கு அக்கா, 2009ஐப் போட்டுத் தேடுங்க, தெளிஞ்ச உருண்டையா இருக்கும். பொண்ணு அட்டையில அந்த முட்டைக்குக் கீழ 2009ன்னு கட்டாயம் எழுதச் சொல்லுங்க. அவ டீச்சர் பிறந்தப்ப கடல்ல இட்ட விலாங்கு முட்டையை உலகத்துல யாருமே பாத்திருக்கல.

முட்டை ஒன்றரை நாள்ல பொரிச்சிடும். வர்ற குஞ்சுதான் நீங்க பாத்த அந்தத் தட்டை உருவம். மூங்கில் இலையைக் கண்ணாடியில செஞ்ச மாதிரி, முன்னாடி ஒரு சின்னத் தலை. முன்ன இதைத் தனி மீன்னு நினைச்சு, தனிப் பேரே வெச்சிருந்தாங்க. 1890களில் இத்தாலியில ரெண்டு பேர், கிராஸ்ஸியும் கலந்துருச்சியோவும், இது விலாங்காவே மாறுறதைத் தொட்டியில வெச்சுக் காட்டின பிறகுதான் அது விலாங்குக் குஞ்சுன்னு ஊருக்குத் தெரிஞ்சுது. கடல்ல மேலேர்ந்து கீழ உதிர்ற நுண்ணிய கழிவுகளைத் தின்னு வளருது. அதுக்கு நீந்துற பலம் பெருசா கிடையாது, தட்டையா இருக்கிறதால நீரோட்டம் தூக்கிட்டுப் போகுது.

இந்த இடத்துலதான் எனக்கு நெஞ்சு பதறும். மரியானாவுலேர்ந்து மேற்க ஓடுற நீரோட்டம் பிலிப்பைன்ஸ் கரையில மோதி ரெண்டாப் பிரியுது. ஒரு கிளை வடக்க திரும்பி குரோஷியோங்கிற பெரிய நீரோட்டமா தைவான், ஜப்பான் பக்கம் போகுது. இன்னொரு கிளை தெக்க மிண்டானாவ் பக்கம் இறங்குது. வடக்க போன குஞ்சுக்கு ஆறு கிடைக்கும். தெக்க போனது அதோட ஆத்துக்குப் போய்ச் சேராது. எல் நினோ வருசத்துல தெக்க போறது கூடிடுது. ஒரு தாய் லட்சக்கணக்குல முட்டை போடுறதுக்கு இந்தக் கணக்குதான் காரணம்.

வடக்க போனது நாலு, ஆறு மாசத்துல கரைக்குக் கிட்ட வர்றப்ப உருவம் மாறும். இலை சுருங்கி உருண்டையாகி, அஞ்சாறு சென்டிமீட்டர் நீளத்துல, உள்ள இருக்கிற முதுகெலும்பும் இதயமும் வெளிய தெரியிற குஞ்சாகுது. கண்ணாடி விலாங்குன்னு சொல்றது இதைத்தான். ஒன்னு 0.2 கிராம், அதாவது கிலோவுக்கு 5,000 குஞ்சு. குளிர்கால ராத்திரியில, ஏத்தத் தண்ணியோட சேந்து ஆத்து முகத்துக்கு வரும்.

உங்க பாக்கெட்டுல போட்டிருக்கிற "பண்ணை" ஆரம்பிக்கிறது இங்கதான் அக்கா. ஆத்து முகத்துல விளக்கு கட்டி, வலை போட்டு இந்தக் குஞ்சை அள்ளிட்டுப் போய்த்தான் பண்ணைத் தொட்டியில விடுறாங்க. முட்டை போட வெச்சு வளக்கிறதில்ல. கடைக்கு வர்ற பண்ணை விலாங்கு ஏறக்குறைய அத்தனையும் நடுக்கடல்ல பிறந்தது. ஜப்பான்ல 2010ல ஆய்வுக்கூடத்துல முட்டையிலேர்ந்து வளத்து, அதை முட்டையிட வெச்சு, அடுத்த தலைமுறையையும் எடுத்துட்டாங்க. ஆனா அந்தக் குஞ்சுக்குச் சுறா முட்டையைக் குழைச்சு ஊட்ட வேண்டியிருந்துச்சு, தொட்டியை ஓயாம சுத்தம் பண்ணணும், கடல்ல அள்ளுறதை விடச் செலவு பல மடங்கு. அதனால இன்னும் கடல்தான் கொடுத்துக்கிட்டிருக்கு.

பண்ணையில சூடான தண்ணி, வேளாவேளைக்குத் தீனி, ஒரு வருசம் முன்னப் பின்ன ஆனா 200, 250 கிராம் வந்துடும். அதுல பெரும்பாலும் ஆண். விலாங்கு பிறக்கிறப்பவே ஆண் பெண்ணுன்னு முடிவாகிறதில்ல, நெருக்கமா இருக்கிற இடத்துல வளந்தா ஆணாகிடுது. ஆத்துல இடம் விட்டு வளர்றதுலதான் பெண் கூட.

ஆத்துக்குள்ள போனது முதுகு கறுத்து, வயிறு மஞ்சளாகி, அஞ்சு வருசம், பத்து வருசம், சிலது அதுக்கும் மேல இருக்கும். பகல்ல கல்லு இடுக்குல, வேர் இடுக்குல பதுங்கும். ராத்திரி இறால், நண்டு, புழு, சின்ன மீனுன்னு வேட்டை. ஈரம் இருந்தாச் செவுத்துல கூட ஏறும். எங்க ஊர் கீழணை 1836ல கட்டினது. ஷட்டர் அடைச்சிருக்கிறப்ப பாசி பிடிச்ச செவுத்துல விரல் நீளக் குஞ்சுங்க வரிசையா ஒட்டிக்கிட்டு மேல ஏறுறதைச் சின்னப் புள்ளையில பாத்திருக்கேன். ஒன்னு வழுக்கி விழும், மறுபடி முதல்லேர்ந்து ஏறும். அது வேற வகை விலாங்கு, ஜப்பானியது இல்ல. ஆனா அதுவும் கடல்ல பிறந்து ஏறி வர்ற சாதிதான்.

பருவம் வந்தா உடம்பு மாறும். வயிறு வெள்ளி நிறமாகும், கண்ணு பெருசாகும், குடல் சுருங்கிப் போகும், தின்கிறதை நிறுத்திடும். மழை பெஞ்சு ஆறு கலங்குற இருட்டு ராத்திரியில கடலைப் பாத்துக் கிளம்பிடும். பகல்ல 600, 800 மீட்டர் ஆழத்துல, ராத்திரி மேல ஏறி 200 மீட்டர்ல, இப்படியே நீந்தி ரெண்டாயிரம், மூவாயிரம் கிலோமீட்டர் போய், பிறந்த இடத்துலயே முட்டை போட்டுட்டு அங்கயே செத்துடும். வழியில ஒரு வாய் சாப்பாடு கிடையாது. ஆத்துல சேத்து வெச்ச கொழுப்புதான். நாம உனாகி வாயில கரையுதுன்னு சொல்றோமே, அந்தக் கொழுப்பு இந்தப் பயணத்துக்காகச் சேத்தது.

காலாங்_கரையோரம்

கொள்ளிடத்தான் தம்பி, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். பீஷான் தம்பியின் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு கால்வாய் ஓரங்களில் மீன் பார்த்துத் திரிவதே என் பொழுதுபோக்கு.

நீங்கள் பார்த்ததும் சைனாடவுன் தொட்டியில் விற்பதும் சேற்று விலாங்கு, மலாய்க்காரர்கள் பெலூட் என்பது. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் உறவே இல்லாத வேறு குடும்பம். அடுத்த முறை பார்க்கும்போது செவுளுக்குப் பின்னால் கவனியுங்கள். உண்மையான விலாங்குக்கு இரண்டு பக்கமும் காது போலச் சிறு துடுப்பு இருக்கும், முதுகிலிருந்து வாலைச் சுற்றி வயிறு வரைக்கும் ஒரே நீளத் துடுப்பு ஓடும். சேற்று விலாங்குக்குத் துடுப்பு என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. செவுள் துவாரம் பக்கத்துக்கு ஒன்றாக இல்லாமல் தொண்டைக்கு அடியில் ஒரே கீறலாக இருக்கும். காற்றைச் சுவாசிக்கும், அதனால்தான் தண்ணீர் வற்றிய கால்வாயிலும் உயிரோடு கிடக்கிறது. பெண்ணாக வளர்ந்து பிறகு ஆணாக மாறும். ஆண் நுரையால் கூடு கட்டி முட்டையைக் காவல் காக்கும். பிறப்பு, வளர்ப்பு, சாவு எல்லாம் அதே சேற்றில்தான். அம்முவின் மாமியார் கண்டது இதுவாக இருந்தால், சேறுதான் அதன் வீடு என்பது வரைக்கும் அவர் சொன்னது சரி.

கடலுக்கும் ஆற்றுக்கும் போய்வரும் விலாங்குக்கு வேண்டியது திறந்த ஆற்று முகம். நான் சிறுவனாக இருந்தபோது காலாங் ஆற்றில் கடல் ஏற்றம் உள்ளே வரும், பாலத்தடியில் தண்ணீர் ஏறி இறங்கும். கிராஞ்சி ஆற்று முகத்தை 1975இல் அணை கட்டி நீர்த்தேக்கமாக்கினார்கள். 2008இல் மரினா அணைக்கட்டு வந்தது, சிங்கப்பூர் ஆறும் காலாங் ஆறும் கடலைத் தொடும் இடம் நன்னீர் ஏரியானது. 2011இல் பொங்கோலும் சிராங்கூனும். இன்று இந்தத் தீவில் 17 நீர்த்தேக்கங்கள். குடிநீருக்கு இன்னொரு நாட்டை எதிர்பார்த்திருந்த ஊருக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்பது தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்த்த என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். அதை நான் குறை சொல்ல மாட்டேன். அதே சமயம், ஆற்று முகத்தை அடைக்கும்போது வழி மறிக்கப்படும் உயிர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு. ஐரோப்பாவில் அணைகளின் ஓரத்தில் சரிவான பலகை வைத்து, அதில் நெருக்கமாகத் தூரிகை முடிகளை நட்டு, மேலிருந்து கொஞ்சம் தண்ணீர் சொட்டவிடுகிறார்கள். விலாங்குக் குஞ்சு அந்த முடிகளுக்கு இடையே நெளிந்து ஏறிவிடுகிறது. பெரிய செலவும் இல்லை. தம்பி சொன்ன கீழணைச் சுவரில் பாசி செய்யும் வேலையை இங்கே தூரிகை செய்கிறது.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். விலாங்குப் பேரினத்தில் 16 வகைகள் உள்ளன. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெப்பமண்டலத்தைச் சேர்ந்தவை. எல்லாமே மூவாயிரம் கிலோமீட்டர் போவதில்லை. சுலாவெசியில் உள்ள ஒரு வகை அந்தத் தீவை ஒட்டிய கடலிலேயே முட்டையிட்டுவிடுகிறது. மேற்கு ஜாவாவின் பெலாபுஹான் ராத்து பக்கம் ஆற்று முகங்களில் இருநிற விலாங்கின் குஞ்சுகளை இன்றும் பிடிக்கிறார்கள். படகில் போகும் தொலைவில் நம் அண்டை வீட்டிலேயே இந்தக் கதை நடந்துகொண்டிருக்கிறது. பிள்ளைக்கு இதையும் சொல்லுங்கள்.

அம்மு_உட்லண்ட்ஸ்

ஐயாவுக்கும் கொள்ளிடத்தான் தம்பிக்கும் மிகவும் நன்றி. மாமியாருக்கு நுரைக்கூட்டு விஷயத்தைப் படித்துக் காட்டினேன், மகிழ்ந்து போனார்.

இரண்டு விஷயம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அட்டையில் "வாழிடம்" என்று ஆசிரியர் ஒரு சிறிய கட்டம் கொடுத்திருக்கிறார். ஒரே ஒரு சொல் எழுதும் அளவுதான். ஆறு என்று எழுதுவதா, கடல் என்று எழுதுவதா? அடுத்தது என் கேள்வி. தம்பி எழுதியதைப் படித்த பிறகு உறைபெட்டியில் இருக்கும் பாக்கெட்டைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. மகளுக்கு மாதம் ஒரு முறையாவது உனாகி கேட்கும். இனிமேல் வாங்கலாமா, கூடாதா?

கொள்ளிடத்தான்

அக்கா, அந்தச் சின்னக் கட்டத்துல ஒரு சொல்லு மட்டும் எழுதாதீங்க. டீச்சர்கிட்ட சொல்லிட்டு அட்டையோட குறுக்கால ஒரு பட்டையா அதை நீட்டிடுங்க. நடுக்கடல், நீரோட்டம், ஆத்து முகம், ஆறு, மறுபடி ஆழ்கடல். அத்தனையும்தான் அதோட வாழிடம். ஒரு இடத்துல அறுந்தாலும் விலாங்கு கிடையாது. இதுக்காக மட்டும்தான் நான் இவ்வளவு நேரம் உக்காந்து எழுதுறேன். காட்டு மிருகத்துக்குச் சரணாலயம்னு ஒரு எல்லை போட்டு வேலி கட்டிடலாம். இதுக்கு எங்க வேலி கட்டுவீங்க? முட்டை போடுற இடத்தை ஒரு நாடு காப்பாத்தலாம், ஆத்தை இன்னொரு நாடு கான்கிரீட் போட்டு மூடியிருக்கும், ஆத்து முகத்துல மூணாவது நாட்டுக்காரன் வலை கட்டியிருப்பான்.

வாங்கலாமா கூடாதான்னு கேட்டீங்க. எனக்குச் சோறு போடுறதே விலாங்குதான், அதனால யோசிச்சுத்தான் சொல்றேன். ஜப்பான்ல 1963ல 200 டன்னுக்கு மேல கண்ணாடிக் குஞ்சு பிடிச்சாங்க. 2019ல 4 டன் கூடத் தேறல. ஜப்பானிய விலாங்கை 2014ல உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழிவாபத்துல இருக்கிற இனம்னு பட்டியல்ல போட்டுது. ஐரோப்பிய விலாங்கு நிலைமை அதை விட மோசம். வட கடல் பக்கம் வர்ற குஞ்சு 1960, 70களில் வந்ததுல நூத்துல ஒரு பங்கு அளவுக்கு இறங்கிடுச்சு. அது அட்லாண்டிக்ல சர்காசோ கடல்ல பிறக்குதுன்னு டென்மார்க்கு யோஹன்னஸ் ஷ்மிட் 1904லேர்ந்து 1922 வரைக்கும் கப்பல்ல அலைஞ்சு குஞ்சு நீளத்தை அளந்தே சொன்னார். அந்தக் கடல்ல இன்னைக்கு வரைக்கும் ஒரு முட்டையைக் கூட யாரும் எடுக்கல. முட்டையே கண்ணுல படாத ஒரு மீனை இவ்வளவு தூரத்துக்குக் கொண்டு வந்துட்டோம்.

ஐரோப்பிய விலாங்கு 2009லேர்ந்து சைட்டஸ்ங்கிற உலக வனவுயிர் வணிக ஒப்பந்தத்தோட கட்டுப்பாட்டுல இருக்கு, 2010 கடைசியிலேர்ந்து ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளிய அனுப்பவே தடை. இருந்தும் பெட்டியில தண்ணிப் பையும் ஆக்ஸிஜனும் வெச்சு விமானத்துல கடத்துறாங்க, ஐரோப்பாவுல வருசா வருசம் பிடிபடுது. ஆசியப் பண்ணையில வளந்து, வாட்டி, சாறு தடவி, பாக்கெட்டுக்குள்ள போயிட்டா எந்த வகைன்னு என்னை மாதிரி தினம் அறுக்கிறவனுக்கே கண்ணால சொல்ல முடியாது. ஹாங்காங் கடைகள்ல பாக்கெட்டை வாங்கி மரபணுச் சோதனை பண்ணினப்ப ஐரோப்பிய விலாங்கு நிறையவே இருந்துச்சு. அதனால வாங்குறப்ப எந்த வகைன்னு கடையில கேளுங்க. பாக்கெட்டுல "பண்ணை"ன்னு மட்டும் இருந்து வகை பேரு இல்லேன்னா வெச்சுட்டு வந்துடுங்க. நாலு பேர் கேட்டாத்தான் கடைக்காரர் வரவழைக்கிறவரைக் கேப்பார்.

மாசம் ஒரு தடவைங்கிறதை வருசத்துக்கு ஒன்னு ரெண்டு தடவைன்னு ஆக்கிடுங்க. ஜப்பான்லயே பழைய ஆளுங்க இதை எப்பவாவது ஒரு விசேஷத்துக்குச் சாப்பிட்டவங்கதான். சூப்பர்மார்க்கெட்டுல மலிவா அடுக்க ஆரம்பிச்ச பிறகுதான் தினச் சாப்பாடாச்சு. ஜூலைக் கடைசியில அவங்களுக்கு விலாங்கு தின்கிற நாள் ஒன்னு வரும், அன்னைக்கு எங்க கடையில அடுப்பு அணையாது. அந்த வாரம் முழுக்க அறுத்துட்டுப் படுத்தா எனக்குத் தூக்கத்துல கீழணைச் செவுரு வரும். எங்க கடையில வாடிக்கையாளர் கேட்டா, விலாங்குக்குப் பதிலா இதே சாறுல கடல் விலாங்குன்னு சொல்ற வேற மீன், கத்தரிக்காய், சார்டின் வாட்டித் தர்றோம். வீட்டுலயும் பண்ணலாம். சார்டினைத் தலை எடுத்து, முள்ளை விரலாலயே இழுத்துப் பிரிச்சு, மாவு லேசாத் தூவித் தோசைக்கல்லுல ரெண்டு பக்கமும் சிவக்க விட்டு, சோயா சாறு, சர்க்கரை, கொஞ்சம் மிரின் (சமையலுக்கான இனிப்பு அரிசி மது) சேத்து வத்த வெச்சு மேல ஊத்துங்க. சோத்து மேல வெச்சுக் கொடுத்தா பொண்ணு கேள்வி கேக்காம சாப்பிடும்.

அம்மு_உட்லண்ட்ஸ்

தம்பி, சார்டின் செய்முறையைக் குறித்து வைத்துக்கொண்டேன். வாழிடப் பட்டையை நீட்டலாம் என்று ஆசிரியரும் சம்மதித்துவிட்டார். இப்போது மகள் எல்லாப் படத்தையும் நிஜ அளவில்தான் வரைவேன் என்கிறாள். அளவுகளை மட்டும் ஒருமுறை வரிசையாகச் சொல்லிவிடுகிறீர்களா? இன்று இரவே வரைய வேண்டும்.

கொள்ளிடத்தான்

நல்ல யோசனை அக்கா. முட்டை 1.6 மில்லிமீட்டர், கூரான பென்சிலால ஒரு பொட்டு வெச்சாப் போதும். இலைக் குஞ்சு முழு வளர்ச்சியில அஞ்சு, ஆறு சென்டிமீட்டர். நிறம் அடிக்க வேண்டாம், வெளிக்கோடும் ஒரு கறுப்புக் கண்ணும் மட்டும். தலையை ரொம்பச் சின்னதாப் போடச் சொல்லுங்க. கண்ணாடி விலாங்கும் ஏறக்குறைய அதே நீளம்தான், உருவம் மாறுறப்ப அது பெருசாகிறதில்ல, சின்னச் சுருக்கமே விழும். அதனால ரெண்டையும் ஒன்னுக்குக் கீழ ஒன்னா வரைஞ்சா மாற்றம் பளிச்சுன்னு தெரியும். கண்ணாடி விலாங்குல முதுகெலும்பைக் கோடு கோடாவும், செவுளுக்குக் கிட்ட இதயத்தைச் சிவப்புப் பொட்டாவும் காட்டலாம்.

மஞ்சள் விலாங்கு அம்பது, அறுபது சென்டிமீட்டர் வரும், அட்டை நீளம் பத்தலேன்னா வளைச்சு வரையச் சொல்லுங்க, அது படுத்திருக்கிறதும் அப்படித்தான். வெள்ளி விலாங்குக்கு அதே அளவு, கண்ணு மட்டும் ஒன்றரை மடங்கு பெருசு. காலாங் ஐயா சொன்ன காதோரத் துடுப்பை மறந்துடாதீங்க. அதை விட்டா வகுப்புல யாராவது பெலூட்டுன்னு சொல்லிடுவாங்க. கடைசி அம்புக்குறியை வெள்ளி விலாங்குலேர்ந்து நேரா முட்டைக்குப் போட்டுட்டு, அது மேல "சாப்பிடாமல் நீந்துகிறது"ன்னு எழுதுங்க. வரைஞ்சு முடிச்சதும் படம் எடுத்து இங்க போடுங்க. எங்க சமையல்காரர்கிட்ட காட்டணும், அவர் இப்பவே ரெண்டு தடவை கேட்டுட்டார்.